இரண்டு கல் கட்டின சீப்பு

பிராண்டே
30.08.1987

மச்சான் பஸ்தியாம்பிள்ளைக்கு,

ஓம், நான் பலகையிலை நிண்டவன் தான். ஆர் இல்லையெண்டது? ஊரிலை முருங்கன் வயல் சேத்திலை ரக்டர் முன்னாலை இழுக்க, பின்னாலை மட்டப்பலகை துள்ளாமல் இருக்கிறதுக்குப் பாரமா ஏறி நிண்ட ஆள் நான் தான். பதினெட்டு வருசம் நிண்டனான். அதுக்காக, போன ஞாயிற்றுக்கிழமை சேமக்காலைக்குள்ளை வைச்சு உன்ரை மோளுக்கு அதைச் சொல்லிச் சிரிக்க வேணுமே? "உன்ரை மாமா ரக்டர் ஓட்டினவர் இல்லைப் பிள்ளை, ரக்டருக்குப் பின்னாலை கட்டின கல்லு" எண்டு சொன்னாய். ராணி சிரிச்ச சிரிப்பு இன்னும் என்ரை காதுக்குள்ளை கிடக்கு. நல்ல காலம், ஹொல்கருக்குத் தமிழ் தெரியாது.

அந்தாள் செத்தவையை அடக்கம் செய்யிற இந்தச் சேமக்காலைக்குப் பொறுப்பு. கொம்யூன் எண்ட இந்த டேனிஸ் நகரசபை என்னை ஆறு மாசத்துக்கு அவனட்டை வேலைக்கு அனுப்பினது உனக்குத் தெரியும். முதல் நாள் வளவுக்குள்ளை நிண்ட சின்ன ரக்டரைக் காட்டி, தெரியுமோ எண்டு கேட்டான். நான் ஓம் எண்டன். தெரியும் தானே. பதினெட்டு வருசம் அதின்ரை பின்பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவனுக்குத் தெரியாதே? அவன் ஏறச் சொன்னான். ஏறினன். ரெண்டு தரம் நிண்டு போச்சு, ஒருக்கா வேலியிலை முட்டினது. குளிருக்கு மெசின் அப்பிடித்தான் எண்டு கையாலை காட்டினன். அப்ப யூன் மாசம்.

மற்றது, நீ பழைய இரும்பு எண்டு சொன்ன சாமான். அதை ஏலத்திலை எடுத்தது. வயசு போன கமக்காரன் ஒருத்தன் பண்ணையை விட்டிட்டு ரவுனுக்குப் போறான். முத்தம் முழுக்கப் பரப்பிக் கிடந்தது. பனி தள்ளுற தகடு, உரம் விசுக்கிற சட்டி, மரக்குத்தி தூக்கிற கொழுவி, எல்லாம் ரக்டரிலை பூட்டுறது. ஹொல்கருக்குப் பனித்தகட்டிலை ஆசை. நான் தான் அவன்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் இதைக் காட்டினனான். இஞ்சத்தையாக்கள் இதுக்கு வேறை என்னவோ பேர் சொல்லுவினம். எனக்கு இது சீப்பு. எட்டடி அகலம், ஒரே வரியிலை முப்பத்திரண்டு வளைஞ்ச பல்லு. ஒவ்வொரு பல்லா விரலாலை சுண்டிப் பாத்தன். நல்ல பல்லு கிண் எண்டும், வெடிச்ச பல்லு டொக் எண்டும். இருபத்தேழாவது டொக் எண்டது. அந்தக் கமக்காரன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். தன்ரையையும் சுண்டிப் பாப்பன் எண்டு பயந்திட்டான் போலை.

இஞ்சை சேமக்காலைப் பாதை எல்லாம் சல்லிக்கல்லு. அதிலை வரி வரியாக் கோடு விழ இழுத்து வைக்கவேணும், அது தான் செத்தவைக்கு மரியாதை. ஹொல்கர் கையாலை இழுத்தா ரெண்டு நாள். சீப்பாலை ரெண்டு மணித்தியாலம். எடுத்துக் குடுத்தது ஆர்? பலகையிலை நிண்ட கல்லு.

சொல்ல மறந்திட்டன். தங்கச்சிக்கு நீ கட்டின மேட்டை நான் பாத்துக்கொள்ளுறன். நீ யோசிக்காதை.

குருசுமுத்து


விபோர்க்
06.09.1987

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் இரும்புச் சீப்பு. அருள்நாயகியைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி. நீ எப்போதும் இப்படித்தான். நான் பெண் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் மழையைப் பற்றிச் சொன்னாய், மாட்டைப் பற்றிச் சொன்னாய், நான் எழும்பிச் செருப்பைப் போட்ட பிறகுதான் "ஐயா ஓமெண்டு சொல்லிப்போட்டார்" என்றாய். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லப் பழகு.

ராணிக்கு முன்னால் உன்னைப் பகிடி பண்ணியது பிழைதான். அதை விடு.

அருள்நாயகியை அந்தப் புல்தரையில் அடக்கம் செய்து பதினெட்டு மாதமாகிறது. அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் சமனாக்கி, பெயர்க் கல்லையும் நிலத்தோடு பதித்துவிடுகிறார்கள். புல் வெட்டும் மெஷினுக்கு அதுதான் வசதியாம். நம்முடைய மணல் சேமக்காலையில் ஆளின் நீளத்துக்கு மேடு கட்டி, ஒவ்வொரு வருடமும் புது மணல் போட்டு உயர்த்துவோம். மேடு இருந்தால்தான் ஆள் இருக்கிறது. வெறும் புல்லைப் பார்த்துச் செபம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். ராணிதான் பியோர்ட் கடற்கழிக் கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்கி வந்து, "அப்பா, நாங்கள் கட்டுவோம்" என்றாள்.

மேடு கட்டிய அன்று ஹொல்கர் தூரத்தில் நின்று பார்த்தான். பிறகு வந்து, அந்தப் புல்லில் எதுவும் கட்டக் கூடாது என்பது சேமக்காலையை நடத்தும் கோயில் சபையின் சட்டம் என்றான். ராணி மொழிபெயர்த்தாள். சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் முகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நவம்பர் இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பங்குச் சுவாமியாரைக் கூட்டிவந்து செபம் சொல்லி மேட்டை மந்திரிக்கப் போகிறேன். அதுவரை அது அப்படியே இருக்கவேண்டும். உன் சீப்பு புற்பக்கம் வரக் கூடாது. நீ அங்கே இருக்கிறாய் என்பதுதான் என் நிம்மதி.

பஸ்தியாம்பிள்ளை


பிராண்டே
14.09.1987

மச்சானுக்கு,

முதலிலை சொல்லவேண்டியது: மேடு பத்திரம். பாத்தியே, பழகிப்போட்டன்.

ஹொல்கர் மேட்டைச் சுத்தி நாலு மூலையிலும் வெள்ளைக் குச்சி நட்டிருக்கிறான். என்னைக் கூட்டிக்கொண்டு போய் சீப்பைக் காட்டினான், குச்சியைக் காட்டினான், விரலை ஆட்டினான். விளங்கினது எண்டு தலையாட்டினன்.

சீப்பிலை ஒரு கரைச்சல். இலையுதிர் காலம் துவங்கியிட்டுது, எங்கை பாத்தாலும் ஈர இலை. சல்லியிலை வடிவா இழுக்கிற சாமான், ஈர இலைக்கு மேலை ஏறித் துள்ளுது. பாரம் காணாது. பாரத்தைப் பற்றி எனக்கு ஆர் படிப்பிக்கிறது? பழைய வேலி ஓரம் கிடந்த கல்லு ரெண்டைத் தூக்கி, சீப்புச் சட்டத்துக்கு மேலை கயித்தாலை வரிஞ்சு கட்டினன். ஒண்டு உன்ரை வயித்து வண்டி அளவு. இப்ப தாழ்ந்து இழுக்குது. ஹொல்கர் கல்லைப் பாத்திட்டு வேண்டாம் எண்டு தலையாட்டினவன். சீப்பு நிலத்தைத் தொட்டும் தொடாமலும் ஓடவேணுமாம். வயலிலை நிண்டவனுக்கு வந்து சொல்லுறான்.

சனிக்கிழமை கோயில் சபை ஆக்கள் சாமானைப் பாக்க வருகினம். நான் தான் ஓட்டிக் காட்டப் போறன். புதுச் சேட்டு ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன்.

குருசு


விபோர்க்
27.09.1987

மச்சான்,

நேற்று ராணியோடு வந்தேன். உனக்குச் சொல்லாமல்தான் வந்தேன், அருள்நாயகியின் பிறந்தநாள் என்பதால்.

மேடு இல்லை. சிப்பி இல்லை. நான் கட்டி வைத்த குச்சிச் சிலுவை இல்லை. புது மண் போட்டுத் தட்டி, மேலே புல் விதை தூவியிருந்தது. பெயர்க் கல்லில் நீளமாக ஒரு கீறல்.

ஹொல்கர் எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான். மன்னிக்க வேண்டும் என்றான், இரண்டு தரம். யார் செய்தது என்று ராணி கேட்டாள். "இந்த இடத்துக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னான். நீ எழுதிய வெள்ளைக் குச்சி, அழிப்பதற்கு வைத்த அடையாளம் என்று இப்போது விளங்குகிறது.

நான் அவனுக்கு முன்னால் அழவில்லை. பஸ்ஸில் அழுதேன். எதிரே இருந்த பெண் பிள்ளை எழும்பி வேறு இடத்துக்குப் போனாள். அந்த வெட்கத்தை உனக்கு எப்படி எழுத?

அதற்கு முதல் உன் வீட்டுக்கு வந்து மணியை மூன்று தரம் அடித்தேன். சன்னல் சீலை அசைந்த மாதிரி இருந்தது. காற்றாக இருக்கும்.

கோயில் சபைக்கு முறைப்பாடு எழுதுகிறேன். இப்படிச் செய்தவனை அந்த வேலையில் வைத்திருக்கக் கூடாது. நீ ஒரு வரி எழுதியிருக்கலாம், மச்சான்.

பஸ்தியாம்பிள்ளை


பிராண்டே
04.10.1987

மச்சானுக்கு,

சீலை காத்துக்குத் தான் ஆடினது.

எனக்கு முழங்கால் வருத்தம். ஒரு கிழமையா வேலைக்குப் போகேல்லை. டொக்டர் படுக்கச் சொன்னவர். அவருக்கு என்ரை வயசைச் சொன்னா நம்புறாரில்லை, பல்லை வைச்சு மதிக்கிறார். எனக்கு இருக்கிற ஆறு பல்லையும் சுண்டிப் பாக்கட்டும். மேலத்தை வீட்டுக் கிழவி ஒவ்வொரு நாளும் நாயைக் கூட்டிக்கொண்டு போகேக்கை எனக்குக் கை காட்டுறா. நாயும் பாக்குது. ஆருக்கு என்னிலை விருப்பம் எண்டு தெரியேல்லை.

உந்த முறைப்பாட்டை அனுப்பாதை. ஹொல்கர் கூடாதவன் இல்லை. பிள்ளையளில்லாத மனிசன், மனிசிக்கும் நெஞ்சு வருத்தம். உந்த வேலையோடை தான் அவைக்கு வீடும். வேலை போனா வீடும் போகும். மண் தானே, மச்சான். நானும் நீயும் சேந்து திருப்பிக் கட்டுவம். சிப்பிக்கு நான் பொறுப்பு. காத்து, மழை, இலை, எத்தினை விசயத்தாலை மேடு கரையும். எல்லாம் ஒரு ஆளிலை பழி போடேலாது.

நான் அண்டைக்கு எழுதியிருக்கவேணும். எழுத இருந்தனான். பேனையிலை மை இல்லை.

குருசுமுத்து


விபோர்க்
12.10.1987

மச்சான்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உன் தங்கச்சியின் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை.

மழையில் கரைந்த மேட்டின் மேல் யாரும் புல் விதை போடுவதில்லை. மழை கல்லில் கீறல் போடுவதுமில்லை. நீ ஏன் அவனுக்காக மன்றாடுகிறாய்? கொம்யூனில் உன் வேலை போய்விடும் என்று பயமா? அப்படியென்றால் சொல், விளங்கிக்கொள்வேன்.

முறைப்பாடு போய்விட்டது. ராணி டேனிஷில் எழுதித் தந்தாள், நான் கையொப்பம் வைத்தேன். நவம்பர் ஐந்தாம் திகதி, வியாழக்கிழமை, சபை கூடி முடிவெடுக்கிறதாம். கண்டவர் யாரும் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உன் பெயரைக் கொடுத்தேன். அந்த வளவுக்குள் ஒவ்வொரு நாளும் நின்ற ஆள் நீதானே.

சுவாமி நவம்பர் இரண்டு, திங்கட்கிழமை வருகிறார். எதை மந்திரிப்பது என்று தெரியவில்லை, என்றாலும் வருகிறார். நான் அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, தனியே வருகிறேன். சேமக்காலையில் உட்காருகிற வாங்கிலில் இரு. நீ கண்டதைச் சொல். மழை, மாடு ஒன்றும் வேண்டாம்.

பஸ்தியாம்பிள்ளை


பிராண்டே
31.10.1987

மச்சான் பஸ்தியாம்பிள்ளைக்கு,

இதைத் தபாலிலை போடேல்லை. நாளைக்கு வாங்கிலிலை வைச்சு உனக்கு வாசிக்கப் போறன். வாயாலை சொல்ல வெளிக்கிட்டா என்ரை வாய் பகிடிக்குப் போயிடும். கடுதாசியிலை எண்டா எழுதினதைத் தான் வாசிக்கவேணும். நான் எட்டாம் வகுப்பு, அதுவும் அரைவாசி. எழுத்துப் பிழையைக் காணாதமாதிரி இரு. நீ எனக்குப் பக்கத்திலை இருப்பாய், கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு. பசிச்சா இடியப்பம் கட்டிக்கொண்டு வாறன், சம்பலுக்கு இஞ்சத்தைத் தேங்காய்ப்பூ தான், மரத்தூள் மாதிரி.

பார், திரும்பவும்.

அந்தச் சனிக்கிழமை சபையிலிருந்து மூண்டு பேர் வந்தவை. ரெண்டு பொம்பிளையள், ஒரு ஆம்பிளை. ஹொல்கர் பாதையிலை இழுத்துக் காட்டச் சொன்னான். இழுத்தன். கோடு எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி விழுந்தது. அவை பாத்துத் தலையாட்டிச்சினம். அந்த நேரம் ஹொல்கரை வீட்டுக்குள்ளையிருந்து மனிசி கூப்பிட்டா. அவன் போயிட்டான்.

நான் அதோடை நிப்பாட்டியிருக்கவேணும். பாதை முடிஞ்சுது, ஆனா அவை இன்னும் பாத்துக்கொண்டு நிக்கினம். மச்சான், என்ரை வாழ்க்கையிலை என்னை ஆரும் அப்பிடி நிண்டு பாத்ததில்லை. வயலிலை எல்லாரும் ரக்டர்காரனைத் தான் பாப்பினம். பலகையிலை நிக்கிறவன்ரை முகத்திலை சேறு, ஆர் எவர் எண்டும் தெரியாது. நீ ராணிக்கு முன்னாலை என்னைக் கல்லு எண்ட சொல்லும் நெஞ்சுக்குள்ளை கிடந்தது. உன்னிலை பழி போடுறதுக்கு இதை எழுதேல்லை. கிடந்தது, அவ்வளவு தான்.

புல்லுப் பக்கம் இலை குவிஞ்சு கிடந்தது. திருப்பினன்.

குச்சியைக் கண்டனான். மேட்டையும் கண்டனான். அது இலைக்குள்ளை மறைஞ்சு கிடந்தது எண்டு ஒரு பொய் இதிலை எழுதி வைச்சிருந்தன். பிறகு அந்தத் தாளைக் கிழிச்சுப்போட்டன். சிப்பியெல்லாம் மினுங்கிக்கொண்டு தெரிஞ்சது. கிட்டப் போய், தூக்கிற தடியை இழுத்து, சீப்பை மேலை எழுப்பி, மேட்டைச் சுத்தி ஒரு வளைவு அடிச்சுக் காட்டுவம் எண்டு நினைச்சன். முருங்கனிலை ரக்டர்காரன் வரம்புக்குக் கிட்ட வந்து அப்பிடித்தான் தூக்குவான். பாக்க வடிவாயிருக்கும்.

தடியை இழுத்தன். சீப்பு எழும்பேல்லை. நான் கட்டின ரெண்டு கல்லும் அதை நிலத்தோடை பிடிச்சு வைச்சிருந்தது. அந்தச் சின்ன மெசினுக்கு அந்தப் பாரம் தூக்க ஏலாது. இன்னும் இழுத்தன். பிரேக்கை மிதிக்க வேணும் எண்டு கால் தேடிச்சுது, பிடிபடேல்லை. எனக்கு ரக்டர் ஓட்டத் தெரியாது, மச்சான்.

வெள்ளைக் குச்சி ரெண்டு முறிஞ்ச சத்தம் கேட்டது. பிறகு சீப்பு மேட்டுக்குள்ளை இறங்கினது. பல்லு கல்லிலை உரஞ்சின சத்தம் உன்னட்டைச் சொல்லேலாது. நான் திரும்பிப் பாக்கேக்கை மேடு இல்லை. மண் விரிஞ்சு, ஒரு மட்டமா, வரி வரியாக் கோடு விழுந்து கிடந்தது. வடிவாக் கிடந்தது.

அவைக்கு அது என்னெண்டு தெரியாது. ஏதோ மண் கும்பியைச் சமனாக்கினன் எண்டு நினைச்சிருப்பினம். அந்த மூண்டு பேரும் கை தட்டிச்சினம். என்ரை தங்கச்சிக்கு மேலை ரக்டர் நிக்குது, நான் இருக்கையிலை இருந்துகொண்டு அவைக்குச் சிரிச்சுக் கை காட்டினன்.

________

இந்தக் கோட்டுக்கு மேலை உள்ளது நான் உனக்கு வாசிச்சது. கீழை, இப்ப வாங்கிலிலை இருந்துகொண்டு பென்சிலாலை எழுதுறன். கை காட்டினன் எண்டு வாசிச்ச உடனை நீ எழும்பியிட்டாய். நான் "இன்னும் கிடக்கு மச்சான்" எண்டன். நீ கேக்கேல்லை.

நீ கேளாமல் போன மிச்சத்திலை ஹொல்கரைப் பற்றிக் கிடக்கு. அவன் திரும்பி வந்து பாத்தவன். நான் நிலத்திலை முழந்தாளிலை இருந்து, பல்லுக்குள்ளை செருகுப்பட்ட சிப்பியளைக் கழட்டிக்கொண்டிருந்தன். அவன் கயித்தை வெட்டிக் கல்லைக் கீழை போட்டான். சபையாக்கள் போனாப்பிறகு, தானே மண்ணைத் தட்டி விதை போட்டான். அது சட்டத்துக்குப் பிழையான மேடு எண்டு தெரிஞ்சும், நீ கட்டின நாளிலையிருந்து மெசினை அங்கை விடாமல், சுத்தி இருந்த புல்லைக் கத்திரிக்கோலாலை வெட்டினவன் அவன் தான். குச்சி நட்டது என்னை மறிக்க. நான் இண்டைக்குக் காலமை மேலத்தை வீட்டுக் கிழவியின்ரை பேத்திப் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போய், எனக்கு ஓட்டத் தெரியாது எண்டும், வியாழக்கிழமை சபைக்கு வந்து சொல்லுறன் எண்டும் அவனுக்குச் சொல்லிப்போட்டன். அந்தப் பெட்டை என்ரை அரைகுறை ஆங்கிலத்தைக் கேட்டு டேனிசிலை சொன்னது. ஓட்டத் தெரியாது எண்டது தனக்கு முதல் நாளே தெரியுமாம்.

சிப்பியெல்லாம் கழுவிப் பிஸ்கற் ரின்னிலை வைச்சிருக்கிறன். ரின் இஞ்சை, நீ இருந்த இடத்திலை. உன்ரை கழுத்து மவுளரும் கிடக்கு.

நீ இப்ப பாதையாலை போறாய். நேற்று ஹொல்கர் கையாலை இழுத்த கோட்டுக்கு மேலை உன்ரை அடி ஒவ்வொண்டா விழுது. ஹொல்கர் கேற்றடியிலை மண்வெட்டியோடை நிக்கிறான். நீ அவனுக்கு முன்னாலை நிண்டிட்டாய். தொப்பியைக் கழட்டிறாய். அவனும் கழட்டிறான். என்ன கதைக்கிறியள் எண்டு கேக்கேல்லை, ரெண்டு பேருக்கும் மற்றவன்ரை பாசை தெரியாது. இப்ப நீ தொப்பியைப் போட்டிட்டுக் கேற்றைத் திறக்கிறாய். என்ரை பக்கம் திரும்பேல்லை.

ஞாயிற்றுக்கிழமையிலை நாலு மணிக்கு முன்னம் பஸ் இல்லை, மச்சான். குளிரும்.

நீ சொன்னது சரி. நான் முதலிலை சொல்லவேண்டியதை முதலிலை வைக்கேல்லை. என்ரை கையிலை இன்னும் ஒரு தாள் கிடக்கு. அதிலை தான் நான் மன்னிப்புக் கேட்டு எழுதினனான்.